பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் பேஸ் ட்ராப்பை எங்கே வைப்பது?

கேட்டவர் சொல்லியிருக்கும் நிலைமை இது: 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள செங்கல் சுவர் அறை ஒன்றை வீட்டு ஸ்டுடியோவாக வைத்திருக்கிறார். மேலே கான்கிரீட் தளம். ஐந்து அங்குல மானிட்டர் ஸ்பீக்கர்கள் இரண்டு. நாற்காலி அறையின் நட்டநடுவில். அங்கே உட்கார்ந்து கேட்டால் கிக் டிரம்மின் அடியும் மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் மெலிந்து கேட்கின்றன. பின் மூலை ஒன்றில் உள்ள கதவருகே போய் நின்றால் அதே பாட்டு குமுறுகிறது. நாற்காலியில் சரியாகக் கேட்கும்படி மிக்ஸ் செய்ததைக் காரில் போட்டால் பேஸ் அளவுக்கு மீறி இரைகிறது. ஒரு அடி உயரமுள்ள ஃபோம் மூலைத் துண்டுகள் நான்கு வாங்கிவிட்டார். அவற்றை முன் மூலைகளில் வைப்பதா, பின் மூலைகளில் வைப்பதா என்று கேட்கிறார். கேள்வி பேஸ் ட்ராப்பை, அதாவது பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியை உறிஞ்ச வைக்கும் பொருளைப் பற்றியதாக இருந்தாலும், தன் நாற்காலியில் பேஸ் ஏன் காணாமற்போகிறது, அதைத் திரும்பப் பெற எதை முதலில் செய்ய வேண்டும் என்பதையே அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். சிறிய ஒலிப்பதிவு அறைகளை அளந்து சீர்செய்வது பல ஆண்டுகளாக என் தொழில். அந்தப் பழக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்காலியை நடுவிலிருந்து முன்னால் நகர்த்துங்கள். ஸ்பீக்கர்களை முன் சுவரை நெருக்கி வையுங்கள். அதன் பிறகு இரண்டு முன் மூலைகளைத் தரையிலிருந்து கூரை வரை ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) அல்லது கிளாஸ்வூலால் (கண்ணாடி இழைப் பஞ்சு) தடிமனாக நிரப்புங்கள். அடுத்து பின் சுவருக்குப் போங்கள். கையில் இருக்கும் நான்கு ஃபோம் துண்டுகளை எந்த மூலையில் வைத்தாலும் நீங்கள் சொல்லும் குறை தீராது. ஒரு பேஸ் ட்ராப்பின் இடத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதன் ஆழத்தையும் பரப்பையும் பற்றி யோசிக்க வேண்டும். மெல்லிய ட்ராப்புக்குச் சரியான இடம் என்று ஒன்று கிடையாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை உங்கள் அறையின் அளவுகளை வைத்தே விளக்குகிறேன்.

சாதாரண அறை வெப்பநிலையில், அதாவது சுமார் 25 டிகிரியில், ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 346 மீட்டர் செல்கிறது. இணையான இரண்டு சுவர்களுக்கு இடையே உள்ள தூரம் ஓர் அலைநீளத்தின் சரிபாதியாக இருக்கும் அதிர்வெண்ணில், போகும் அலையும் திரும்பி வரும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இடம் மாறாமல் நின்று அதிரும் அலையாகிவிடுகின்றன. இதைத்தான் ரூம் மோடு என்கிறோம். உங்கள் அறையின் 12 அடி நீளம் 3.66 மீட்டர், ஆகவே நீளவாக்கில் முதல் மோடு சுமார் 47 ஹெர்ட்ஸில் வரும், இரண்டாவது 94 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. அகலமும் உயரமும் ஒரே 10 அடி, அதாவது 3.05 மீட்டர் என்பதால், அந்த இரண்டு திசைகளுக்கும் முதல் மோடு ஒரே 57 ஹெர்ட்ஸில் விழுகிறது, இரண்டாவது ஒரே 113 ஹெர்ட்ஸில். இரண்டு அளவுகள் சமமாக இருக்கும் அறையில் மோடுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து, இடையில் வெற்றிடங்கள் விழுகின்றன. புதிதாகக் கட்டும் வாய்ப்பு இருந்தால் இதைத் தவிர்க்கச் சொல்லியிருப்பேன். கட்டி முடிந்த வீட்டில் இதோடுதான் வாழ வேண்டும்.

மோடு ஒன்றின் அழுத்தம் சுவர்களில் உச்சத்தில் இருக்கும். ஒவ்வொரு திசையிலும் முதல் மோடின் அழுத்தம் இரண்டு சுவர்களுக்கும் சரிநடுவில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். நம் காது கேட்பது அழுத்தத்தை. எனவே நீளத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு 47 ஹெர்ட்ஸ் மோடு கேட்காது. அகலத்தின் நடுவில் இருப்பதால் அகலவாக்கின் 57 ஹெர்ட்ஸும் கேட்காது. இரண்டு திசைகளும் சேர்ந்து உண்டாக்கும் 74 ஹெர்ட்ஸ் மோடும் அங்கே கேட்காது. உயரவாக்கின் 57 ஹெர்ட்ஸ் மட்டும், உட்கார்ந்தவரின் காது தரையிலிருந்து நான்கு அடியில் இருப்பதால், உச்சத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கசிந்து வரும். அதே இடத்தில் 94 ஹெர்ட்ஸ் மோடு முழு உச்சத்தில் இருக்கிறது. கிக் டிரம்மின் அடித்தளம் மறைந்து, அதற்குச் சற்று மேலே ஒரு சுருதி மட்டும் உப்பியிருப்பதாக உங்கள் காதில் படுவதற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம். கதவு மூலையிலோ எல்லா மோடுகளும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பதால் அங்கே குமுறல். நாற்காலியில் இல்லாத பேஸை நீங்கள் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரால் ஏற்றி ஈடுகட்டுகிறீர்கள். கார் அதை அப்படியே வெளிப்படுத்திவிடுகிறது.

ஆகவே செலவில்லாத முதல் வேலை நாற்காலியை நகர்த்துவது. முன் சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 சதவீதத்தில் காதை வைக்க வேண்டும் என்று ஒரு நடைமுறைக் கணக்கு ஸ்டுடியோக்காரர்களிடையே புழங்குகிறது. உங்கள் அறைக்கு அது ஏறக்குறைய நாலரை அடி. அங்கே 47 ஹெர்ட்ஸ் பூஜ்யத்திலிருந்து உச்சத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழும். 94 ஹெர்ட்ஸ் முக்கால் பங்குக்கு இறங்கும். இந்த 38 என்ற எண்ணைச் சட்டமாகக் கொள்ள வேண்டாம், அது தேடலைத் தொடங்கும் இடம் மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் அரை அடி அரை அடியாக நகர்ந்து, பழகிய ஒரு பாட்டின் பேஸ் வரியை, ஒவ்வொரு சுரமும் ஒரே வலுவில் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அகலவாக்கில் மட்டும் நடுவிலேயே இருங்கள். இடமும் வலமும் சமச்சீராக இருப்பது ஸ்டீரியோவுக்குத் தவிர்க்க முடியாத தேவை. அதன் விலையாக 57 ஹெர்ட்ஸ் பகுதியில் உங்கள் அறையில் ஓரளவு பள்ளம் நிலைத்துத்தான் இருக்கும். எவ்வளவு செலவழித்தாலும் அது முழுவதும் மறையும் என்று நான் உறுதி தரமாட்டேன்.

இனி ட்ராப். ராக்வூல், கிளாஸ்வூல், ஃபோம் ஆகிய மூன்றும் நுண்துளை உறிஞ்சிகள். இவற்றின் இழைகளுக்கு இடையே காற்று முன்னும் பின்னும் ஓடும்போது உராய்வினால் ஒலியின் ஆற்றல் சிறிதளவு வெப்பமாக மாறுகிறது. காற்று ஓடாத இடத்தில் உராய்வு இல்லை, உறிஞ்சுதலும் இல்லை. சுவரை ஒட்டிய இடத்தில் அழுத்தம் உச்சத்தில் இருந்தாலும் காற்றின் ஓட்டம் அங்கே பூஜ்யம், ஏனென்றால் சுவர் அதை நகரவிடாது. ஊஞ்சலை நிறுத்தக் காலைத் தரையில் தேய்ப்பவர், அது வேகமாகக் கடக்கும் நடுவில்தான் தேய்க்கிறார். உயரே போய் ஒரு கணம் நிற்கும் முனையில் தேய்ப்பதால் பயனில்லை. ஒலியலையில் காற்று மிக வேகமாக ஓடும் இடம் சுவரிலிருந்து கால் அலைநீளத் தூரத்தில் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸுக்கு அது 86 சென்டிமீட்டர்; 50 ஹெர்ட்ஸுக்கு 1.73 மீட்டர், அதாவது உங்கள் அறை நீளத்தின் ஏறக்குறைய பாதி. உறிஞ்சி வேலை செய்யக் கால் அலைநீளம் முழுவதும் நிரம்பியிருக்க வேண்டும் என்பதில்லை. அதில் ஒரு பகுதி ஆழம் இருந்தாலும் ஓரளவு உறிஞ்சும். ஆனால் சுவரில் ஒட்டிய இரண்டு அங்குல ஃபோம் 50 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது என்பதில் எந்த ஐயமும் இல்லை.

சுவருக்கு அருகில் காற்று ஓடவில்லை என்றால் மூலை மட்டும் எப்படி நல்ல இடமாகும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு காரணங்கள். நீளவாக்கு, அகலவாக்கு, இரண்டும் கலந்தவை என்று எந்த மோடாக இருந்தாலும் அதன் அழுத்தம் மூலைகளில் உச்சம் கொள்கிறது. ஆகவே அங்கே வைக்கும் உறிஞ்சியிடமிருந்து எந்த மோடும் முழுவதாகத் தப்புவதில்லை. சுவரின் நடுவில் வைத்தால் சில மோடுகளுக்கு மட்டுமே அது எட்டும். இரண்டாவது காரணம் இன்னும் நடைமுறை சார்ந்தது. அறையில் மனிதர் நடமாட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் மிகுந்த ஆழம் கிடைக்கும் இடம் மூலை. 60 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை ஒன்றை மூலையின் குறுக்கே 45 டிகிரியில் சாய்த்து நிறுத்தினால், அதன் நடுப்பகுதிக்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் ஆழம் தானாகக் கிடைத்துவிடுகிறது. ஆழம் இல்லாத பொருளை மூலையில் ஒட்டுவதால் இந்த இரண்டாவது பயன் கிடைக்காது. பலரும் மூலையில் ஏதோ தனி ஆற்றல் இருப்பதாக நினைத்து இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

உங்கள் ஃபோம் துண்டுகளை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு ஒரு அடி முக்கோணம் என்று வைத்துக்கொண்டால், முகப்பிலிருந்து மூலை வரை ஆழம் சுமார் 21 சென்டிமீட்டர். நான்கு துண்டுகளின் முகப்பும் சேர்ந்து அரைச் சதுர மீட்டர். உங்கள் அறையின் சுவர், தரை, கூரை அனைத்தும் சேர்ந்த பரப்பு ஏறக்குறைய 63 சதுர மீட்டர். நூறில் ஒரு பங்குகூட இல்லாத பரப்பு, அதுவும் இந்த ஆழத்தோடு, அறையின் தாழ்ந்த ஒலியை மாற்ற முடியாது. அவற்றை எறிய வேண்டாம். கைதட்டினால் சுவர்களுக்கிடையே கேட்கும் படபடப்பை அடக்க, காது உயரத்தில் பக்கச் சுவர்களில் சற்று இடைவெளி விட்டுப் பொருத்தினால் நடு, மேல் அதிர்வெண்களுக்குச் சிறிது உதவும்.

மூலையை நிரப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 10 சென்டிமீட்டர் தடிப்புள்ள ராக்வூல் பலகையை மரச்சட்டத்தில் அடைத்து, துணி போர்த்தி, மூலையின் குறுக்கே நிறுத்துவது. இதைக் கழற்றலாம், வீடு மாறும்போது எடுத்துச் செல்லலாம். இன்னொன்று, 60 சென்டிமீட்டர் சதுரங்களைக் குறுக்காக வெட்டி முக்கோணங்களாக்கித் தரையிலிருந்து கூரை வரை அடுக்குவது. இதில் ஆழம் 42 சென்டிமீட்டர், முகப்பு அகலம் 85 சென்டிமீட்டர். 10 அடி உயரத்துக்கு ஒரு மூலையின் முகப்பே இரண்டரைச் சதுர மீட்டருக்கு மேல் வந்துவிடும். 5 சென்டிமீட்டர் தடிப்பும் 1.2 மீட்டர் நீளமும் உள்ள பலகைகள் ஒரு மூலைக்கு 16 தேவைப்படும். வாடகை வீடு இல்லை என்றால் நான் இரண்டாவதையே சொல்வேன். உயரத்தில் பாதியோடு நிறுத்த வேண்டாம். தரையும் கூரையும் சுவர்களோடு சேரும் முனைகளில்தான் மூன்று திசை மோடுகளும் ஒருங்கே உச்சம் கொள்கின்றன.

பொருளின் அடர்த்தியைப் பற்றி நிறைய வாக்குவாதம் நடக்கிறது. இதில் உறுதியானது இவ்வளவுதான்: எடை அடர்த்தியைவிட, காற்று அதனூடே புகுவதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பதே முக்கியம். மெல்லிய பலகைக்குத் தடை அதிகம் வேண்டும், ஆழமான ட்ராப்புக்குக் குறைவாக வேண்டும். 10 சென்டிமீட்டர் பலகைக்குக் கனமீட்டருக்கு 48 முதல் 64 கிலோ ராக்வூல் பொருந்தும். 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தை நிரப்ப அதைவிட இலகுவான, விலையும் குறைந்த கிளாஸ்வூலே போதும், பல நேரங்களில் அதுவே மேல். கெட்டியான பலகையை ஆழமாக அடுக்கினால் தாழ்ந்த ஒலி உள்ளே புகாமல் முகப்பிலேயே ஓரளவு திரும்பிவிடும். குறிப்பாக எந்த எண் உகந்தது என்பதில் தொழில் தெரிந்தவர்களே வேறுபடுகிறார்கள். அந்த வேறுபாட்டால் கேட்கும் ஒலியில் வரும் மாற்றம், ஆழத்தை இரட்டிப்பதால் வரும் மாற்றத்தின் பக்கத்தில் சிறியது என்பது என் அனுபவம்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து அளவு முடிவுசெய்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்க வீடுகளில் பெரும்பாலான உட்சுவர்கள் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அறைந்தவை. அந்தப் பலகை தாழ்ந்த ஒலிக்குத் தானே அதிர்ந்து கொடுத்து, 125 ஹெர்ட்ஸில் தன்மேல் படும் ஆற்றலில் சுமார் 30 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது என்று பாடநூல் அட்டவணைகள் காட்டுகின்றன. நம் பூச்சுச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அதே அதிர்வெண்ணில் எடுத்துக்கொள்வது ஒன்று முதல் மூன்று சதவீதம் மட்டுமே. அங்கே சுவரே ஒரு பேஸ் ட்ராப்பாக வேலை செய்து, வீட்டுக்காரர் வாங்கி வைக்கும் நாலைந்து பலகைகள் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. இங்கே அறைக்குள் பிறந்த பேஸ் வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. எனவே அவர்கள் போதும் என்று சொல்லும் அளவு நமக்குப் போதாது. இதே காரணத்தால் நம் அறைகளில் பெரிய கண்ணாடி ஜன்னல் இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். சாதாரண ஜன்னல் கண்ணாடி மேல் அதிர்வெண்களைத் திருப்பி அடித்தாலும், 125 ஹெர்ட்ஸில் அதுவும் ஜிப்சம் பலகைக்கு நிகராக ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. அக்கம்பக்கம் அனுமதித்தால், மிக்ஸ் செய்யும்போது ஜன்னலையும் கதவையும் முழுவதும் திறந்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். பேஸ் தெளிவதைக் காதாலேயே உணரலாம்.

எந்த மூலை முதலில் என்ற கேள்விக்கு வருகிறேன். செங்குத்தான மூலைகள் நான்கு என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். பெட்டி வடிவ அறைக்கு விளிம்புகள் பன்னிரண்டு. சுவரும் கூரையும் சேரும் நான்கு விளிம்புகளும், சுவரும் தரையும் சேரும் நான்கும் அதே தகுதியுள்ளவை. உங்கள் பின்பக்க மூலை ஒன்றில் கதவு இருப்பதால் அங்கே நிரப்ப முடியாது. ஒரு பின் மூலையை மட்டும் நிரப்புவது தாழ்ந்த ஒலிக்குக் கெடுதல் இல்லை என்றாலும், முன் மூலைகள் இரண்டும் சமமாகக் கிடைப்பதால் முதலில் அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஸ்பீக்கருக்குப் பின்னால் இருப்பதால் நடு அதிர்வெண்ணின் சமச்சீருக்கும் துணையாகும். அடுத்து கதவில்லாத பின் மூலை. அதற்கு ஈடாகக் கதவுக்கு மேலே, பின் சுவரும் கூரையும் சேரும் விளிம்பில் குறுக்காக ஒரு பலகை. நம் வீடுகளில் ஏழடி உயரத்தில் சுவரிலிருந்து நீட்டியிருக்கும் கான்கிரீட் லாஃப்ட் இருந்தால் உங்களுக்கு நல்வாய்ப்பு: பழைய பாத்திரங்களையும் பெட்டிகளையும் இறக்கிவிட்டு, அதை முழுவதும் கிளாஸ்வூலால் அடைத்து முகப்பில் துணி இழுத்துக் கட்டினால், கடையில் கிடைக்கும் எந்த ட்ராப்பையும்விடப் பெரிய ட்ராப் ஒன்று தரையில் ஓர் அங்குலமும் எடுத்துக்கொள்ளாமல் கிடைத்துவிடும். இரும்பு பீரோவை மட்டும் அறையை விட்டு வெளியேற்றுங்கள். குறிப்பிட்ட சுரங்களில் அதன் கதவு அதிர்ந்து ஒலிப்பதை ட்ராப்பால் நிறுத்த முடியாது.

பின் சுவர் தனியாகக் கவனிக்க வேண்டியது. நாலரை அடியில் உட்கார்ந்தால் உங்கள் தலைக்குப் பின்னால் ஏழரை அடி இருக்கும். பின் சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேரடி ஒலியோடு எதிர்க்கட்டத்தில் மோதி அதை அழிக்கும் அதிர்வெண், அந்தத் தூரம் கால் அலைநீளமாக அமையும் இடம். அது உங்களுக்கு 38 ஹெர்ட்ஸிலும் அதன் மும்மடங்கான 114 ஹெர்ட்ஸிலும் வரும். முதலாவது உங்கள் ஐந்து அங்குல ஸ்பீக்கருக்கு எட்டாத தாழ்வு என்பதால் விட்டுவிடலாம். இரண்டாவது பேஸ் கிட்டாரின் நடுப் பகுதியில் விழுகிறது. ஆகவே பின் சுவரின் நடுவில் 15 முதல் 20 சென்டிமீட்டர் தடிப்பில், சுவருக்கும் பலகைக்கும் இடையே இன்னும் 10 சென்டிமீட்டர் காற்றிடைவெளி விட்டு, இரண்டு பலகைகளாவது வையுங்கள். காற்றிடைவெளி இலவசமாகக் கிடைக்கும் ஆழம். பணம் குறைவாக இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடக்கூடாது.

ஸ்பீக்கர்களையும் இதே கணக்கு ஆள்கிறது. முகப்பு முன் சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் 96 ஹெர்ட்ஸ் பகுதியில் பள்ளம் விழும்; 40 சென்டிமீட்டரில் இருந்தால் அது 216 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணை ஸ்பீக்கருக்குப் பின்னால் வைக்கும் 10 சென்டிமீட்டர் பலகையே அடக்கிவிடும். அதனால்தான் சிறிய அறையில் ஸ்பீக்கரைச் சுவரை நெருக்கச் சொல்கிறேன். பின்புறத் துளை உள்ள ஸ்பீக்கர் என்றால் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியைக் காப்பாற்றுங்கள். சுவரை நெருங்குவதால் பேஸ் மொத்தமாகச் சற்று ஏறும். பெரும்பாலான மானிட்டர்களின் பின்புறத்தில் இதற்கென்றே இருக்கும் சுவிட்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய பலகை அதிர்ந்து உறிஞ்சும் வகையும், ஹெல்ம்ஹோல்ட்ஸ் வகைத் துளைப் பெட்டியும் அழுத்தத்தை நேரடியாக உறிஞ்சுபவை. அதனால் அவை சுவரோடும் மூலையோடும் ஒட்டியே வேலை செய்யும், குறைந்த தடிப்பில் 47 ஹெர்ட்ஸையும் எட்டும். ஆனால் அவை குறுகிய ஒரு பட்டையில் மட்டும் செயல்படும். கட்டும்போது அளவு சற்றுப் பிசகினாலும் வேறு அதிர்வெண்ணுக்குப் போய்விடும். அளவெடுக்கும் மைக் இல்லாமல் இவற்றில் இறங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

உறுதியற்ற இடங்களையும் சொல்ல வேண்டும். மேலே நான் தந்த மோடு எண்கள் முழுக்க விறைப்பான, வெறுமையான பெட்டிக்கு உரியவை. கதவு, ஜன்னல், லாஃப்ட் எல்லாம் அவற்றைச் சில ஹெர்ட்ஸ் நகர்த்தும். ட்ராப் விற்பவர்கள் காட்டும் உறிஞ்சுதல் எண்களையும் கவனமாக வாசியுங்கள். அவற்றைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 354 என்ற சர்வதேசத் தர முறை 100 ஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே சோதனைக் கூடத்திலேயே மோடுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நிற்பதால் கிடைக்கும் எண் நம்பத்தக்கது அல்ல. 50 ஹெர்ட்ஸில் இத்தனை சதவீதம் என்று விளம்பரம் சொன்னால், எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். அந்த எண்களைக் கொண்டு உங்கள் அறையின் விளைவைக் கணக்கிடவும் முடியாது. அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் ஸபைன் 1895 முதல் ஹார்வர்டின் விரிவுரைக் கூடம் ஒன்றில் இருக்கை மெத்தைகளை அடுக்கி அடுக்கிக் கண்டறிந்த எதிரொலிச் சூத்திரம், ஒலி எல்லாத் திசையிலும் சமமாகப் பரவியிருக்கும் பெரிய இடத்துக்குப் பொருந்துவது. இயற்பியலாளர் ஷ்ரோடர் தந்த எல்லைக் கணக்கின்படி, எதிரொலி அடங்க அரை நொடி என்று கொண்டால், உங்கள் 34 கனமீட்டர் அறையில் சுமார் 240 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த எடுகோள் நிற்காது. ஆகவே இரண்டு மூலைகளை நிரப்பினால் இத்தனை டெசிபெல் சமப்படும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுரங்கள் அடங்கும் நேரம் குறையும், மேடுகளும் பள்ளங்களும் நெருங்கி வரும் என்பது வரைதான் உறுதி.

அதனால் அளந்து பாருங்கள். ஆர்இடபிள்யூ (REW) என்ற, அறையின் ஒலியை அளக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அளவெடுக்கும் மைக் ஒன்றை இரவல் வாங்கினாலும் போதும். கைப்பேசியின் மைக் தாழ்ந்த ஒலிக்கு நம்பத்தக்கது அல்ல. மைக்கைக் காது இருக்கும் இடத்தில் நிறுத்தி, மின்விசிறியையும் ஏசியையும் அணைத்து, 20 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப், அதாவது சீராக ஏறிக்கொண்டே போகும் ஒலி ஒன்றை, ஓடவிடுங்கள். வரைபடத்தின் கோட்டை மழுங்கடித்துக் காட்டும் வசதியை இந்தப் பகுதியில் பயன்படுத்தாதீர்கள், உண்மை மறைந்துவிடும். ஒலி எவ்வளவு உயர்கிறது என்பதோடு, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காட்டும் வாட்டர்ஃபால் வரைபடத்தையும் பாருங்கள். ட்ராப்பின் பெரும்பயன் அங்கேதான் முதலில் தெரியும். பொருள் வாங்கும் முன்பே நாற்காலியின் நாலைந்து நிலைகளில் அளந்து வைத்துக்கொண்டால், பின்னால் ஒவ்வொரு மூலையும் என்ன செய்தது என்று ஒப்பிட முடியும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பேக்கிங் ஃபோமையும் மெத்தை ஃபோமையும் சுவரெங்கும் ஒட்டுவது உயிருக்கே ஆபத்து. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் 100 பேரும், 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியாவில் 242 பேரும் இறந்தார்கள்; இரண்டு இடங்களிலும் வாணவேடிக்கையின் பொறி, ஒலிக்காகப் பொருத்தியிருந்த ஃபோமில் பற்றியது, அதன் நச்சுப்புகை நிமிடங்களில் பரவியது. ராக்வூல் இழை தீப்பற்றாது. வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். இழை வெளியே உதிராதபடி நெய்யாத துணியால் முழுவதும் சுற்றி, அதன்மேல் அலங்காரத் துணியைப் போர்த்துங்கள். ஓதம் ஏறும் சுவராக இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மூலையை நிரப்பாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். சட்டத்துக்குக் கரையான் மருந்து பூசிய மரமோ அலுமினியமோ நல்லது. இவ்வளவும் செய்தாலும் பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தம் குறையாது; அது முற்றிலும் வேறு வேலை.

அதிர்வெண்வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரைக் கடைசியாக மட்டுமே தொடுங்கள். ட்ராப் வைத்தபின் 94 ஹெர்ட்ஸில் மேடு எஞ்சியிருந்தால் அதை நாற்காலி இருக்கும் இடத்துக்கு மட்டும் சில டெசிபெல் குறைக்கலாம். பள்ளத்தை ஏற்ற முயல வேண்டாம். எவ்வளவு ஏற்றினாலும் அதே அளவு எதிரலையும் ஏறி அதை அழிக்கும், ஸ்பீக்கர்தான் திணறும். 57 ஹெர்ட்ஸ் பகுதியில் மிஞ்சும் பள்ளத்துக்கு நல்ல ஹெட்ஃபோன் ஒன்றில் ஒத்துப் பார்ப்பதே நேர்மையான வழி. உங்கள் கதவு, ஜன்னல், லாஃப்ட் எங்கெங்கே என்ற வரைபடத்தையும் ஸ்வீப் அளவையும் இங்கே சேர்த்தால், பின் சுவருக்கு எத்தனை பலகை என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியும்.